எல்சினோர் லேபும் எங்க ஊர் படுகளமும்

ஹாம்லெட்டைக் கொண்டுபோய் ஒரு ஆய்வுக்கூடத்துல வெச்சுப் பூட்டினா என்ன ஆகும்? எம் எக்ஸ். லியூ எழுதி 2023-ல் வெளிவந்த 'தி டெத் ஐ கேவ் ஹிம்' என்ற நாவல் இதைத்தான் செய்கிறது. டென்மார்க் அரண்மனை கிடையாது. 'எல்சினோர் லேப்ஸ்' இருக்கிறது. இளவரசன் கிடையாது, ஹேடன் லிச்ஃபீல்டு என்ற இளம் விஞ்ஞானி இருக்கிறான். அப்பாவும் மகனும் சேர்ந்து சாவையே திருப்பி அனுப்பக்கூடிய ஒரு சூத்திரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருநாள் ராத்திரி லேபில் அப்பா செத்துக் கிடக்கிறார். கேமரா பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. கட்டடம் மொத்தமும் பூட்டப்படுகிறது. உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர். அதில் ஒருவர் சித்தப்பா.

மீதிக் கதை ஷேக்ஸ்பியர் படிச்சவங்களுக்குத் தெரியும். படிக்காதவங்களுக்கு நான் சொல்லிக் கெடுக்கப் போவதில்லை. :-)

இந்த நாவலைப் பிடித்துக்கொண்டு நான் பேச வந்தது வேறொரு விஷயம். மேடையில் நடித்த ஒரு துன்பியல் கதையைத் தூக்கி வேற காலம், வேற ஊர், வேற உடைக்கு மாற்றும்போது எது கூட வருது, எது விட்டுப் போகுது? இது ஏதோ அமெரிக்க, ஐரோப்பிய எழுத்தாளர்களின் பிரச்சினை மாதிரி தெரியும். ஆனா இந்தக் கேள்வி திருத்தணி வழியா ரயில்ல போயிருக்கு. எங்க ஊர் சுத்துப்பட்டு கிராமங்கள்ல ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு ஆடியிருக்கு. அதனால கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வருவோம், வாங்க.

*

முதலில் ரயில்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் வடமேற்குப் பாதை அரக்கோணத்தில் பிரிந்து, திருத்தணி, ரேணிகுண்டா, கடப்பா, குந்தக்கல் என்று போய் 1871-லேயே ராய்ச்சூரைத் தொட்டுவிட்டது. இன்றைக்கும் மும்பை மெயில் போகிற தடம் அதுதான். அந்தப் பக்கம் குந்தக்கல்லில் இருந்து பல்லாரி எட்டிப் பிடிக்கிற தூரம். இந்தப் பக்கம் பாதை முடிகிற இடம் மெட்ராஸ் சென்ட்ரல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே விக்டோரியா பப்ளிக் ஹால்.

பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. அங்கே தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியலு என்று ஒரு வக்கீல். தெலுங்கு நாடக உலகம் அவரைப் பிதாமகர் என்று கொண்டாடுகிறது. 'சரச வினோதினி சபா' என்று ஒரு நாடகச் சபையை நடத்தினார். 1891-ல் அந்தச் சபை மெட்ராஸுக்கு வந்து நாடகம் போட்டது.

அதைப் பார்க்கப் போன பையன்களில் ஒருவருக்கு வயது 18. பெயர் பம்மல் சம்பந்தம். அதற்கு முன்பு வரை அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. தெருவில் போடும் நாடகங்களைப் பார்த்து முகம் சுளித்ததாக அவரே 'நாடக மேடை நினைவுகள்' நூலில் எழுதியிருக்கிறார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிப்பதைப் பல்லாரிக்காரர்களிடம் பார்த்ததும் அவர் மனசு மாறியது. அதே 1891, ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையை ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு வக்கீலாகி, நீதிபதியாகி, 1959-ல் பத்மபூஷண் வாங்கி, 1964-ல் தன் 91-வது வயதில் மறைந்தார். தமிழ் நவீன மேடையின் தொடக்கம் என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அவர் பெயர் வராமல் இருக்காது.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி என்னன்னா, தமிழ் மேடையைத் தட்டி எழுப்பினது தெலுங்கு நாடகம். அது பல்லாரியில இருந்து வந்த தடத்துல எங்க ஊரும் ஒரு ஸ்டேஷன். பின்னாளில் 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, ம.பொ.சி. முதலானவர்கள் போராடியது, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். எல்லைக்கோடு எந்தப் பக்கம் போனாலும் கதைகள் இரண்டு பக்கமும் டிக்கெட் எடுக்காமல் போய் வந்துகொண்டுதான் இருந்தன.

*

அப்படிப் போய் வந்த கதைகளில் ஒன்று சாரங்கதரன்.

ராஜமகேந்திரவரத்து ராஜராஜ நரேந்திரனின் மகன் சாரங்கதரன். சிற்றன்னை சித்திராங்கிக்கு அவன் மேல் ஆசை. பறந்துபோன புறாவைத் தேடி அவன் அவளுடைய மாளிகைக்குள் போகிறான். அவளுக்கு இணங்காமல் திரும்புகிறான். அவள் ராஜாவிடம் பழியை மாற்றிப் போடுகிறாள். அப்பா விசாரிக்காமல் மகனின் கை கால்களை வெட்டச் சொல்லிவிடுகிறார். கிரேக்கத்தில் யூரிப்பிடிஸ் கி.மு. 428-ல் மேடையேற்றிய ஹிப்போலிட்டஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மாற்றாந்தாய், மறுக்கும் மகன், பொய்ப் பழி, அவசரப்பட்ட அப்பா.

நாட்டு வழக்கில் இந்தக் கதைக்கு ஒரு ஆறுதல் உண்டு. கை கால் இழந்து காட்டில் கிடப்பவனிடம் ஒரு சித்தர் வருவார். உறுப்புகள் திரும்ப முளைக்கும். அப்பாடா என்று ஜனம் வீட்டுக்குப் போகும். கிருஷ்ணமாச்சாரியலு இந்தக் கதையை நாடகமாக்கியபோது 'விஷாத சாரங்கதர' என்று தலைப்பு வைத்தார். விஷாதம் என்றால் துயரம். தெலுங்கின் முதல் துன்பியல் நாடகம் என்று இதைத்தான் சொல்வார்கள். தலைப்பிலேயே சொல்லிவிட்டார் பாருங்க, இங்க ஆறுதலை எதிர்பார்த்து வராதீங்கன்னு.

இது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. சமஸ்கிருத நாடக மரபில் மேடையில் சாவைக் காட்டக் கூடாது, நாடகம் மங்களமாகத்தான் முடிய வேண்டும் என்பது பொது விதி. பாசனின் 'ஊருபங்கம்' மாதிரி, துரியோதனன் தொடை முறிந்து மேடையிலேயே உயிர் விடுகிற நாடகம் ஒரு விதிவிலக்கு. அதுவும் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி ஓலைச்சுவடியில் இருந்து எடுத்து 1912-ல் அச்சிட்ட பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தது. ஆக, ஒரு பல்லாரி வக்கீல் பழைய கதையை எடுத்து, அதில் இருந்த ஒரே ஒரு வெளியேறும் கதவை இழுத்துப் பூட்டினார்.

இந்தப் 'பூட்டு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

சம்பந்த முதலியாரும் ஒரு சாரங்கதரன் எழுதினார். அதோடு நிற்கவில்லை, நேராக ஷேக்ஸ்பியரிடம் போனார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். சிம்பலின் 'சிம்மளநாதன்' ஆனான். பெயர்களைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பாருங்க, ஒலி அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். மனுஷனுக்குக் காது நல்ல காது.

அமலாதித்யனில் அவர் செய்தது ஊர் மாற்றம், பெயர் மாற்றம். டென்மார்க்கைக் கழற்றி நம்ம ஊர் ராஜசபையை மாட்டினார். கதையின் எலும்பை உடைக்கவில்லை. ஆனால் 1895-லேயே அவர் எழுதிய 'மனோகரா'வைப் பாருங்கள். அங்கேயும் ஒரு இளவரசன், கறை படிந்த ஒரு அரண்மனை, கோபம் தலைக்கேறியும் கை ஓங்க முடியாத நிலை. ஹாம்லெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மனோகரன் தெரிவான். ஹாம்லெட்டுக்குச் செத்த அப்பா 'பழி வாங்கு' என்று கட்டளை இடுகிறார். மனோகரனுக்கு உயிரோடு இருக்கும் அம்மா 'பழி வாங்காதே' என்று கட்டளை இடுகிறாள். அவனைக் கட்டிப் போட்டிருப்பது அம்மாவின் வார்த்தை. 1954-ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதி வசனத்தில், சிவாஜி நடித்து வந்த படத்தை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். கட்டிப் போட்ட அம்மாவே கடைசியில் கட்டை அவிழ்த்து விடுகிறாள். அப்புறம் சங்கிலி தெறிக்குது, தியேட்டர் அதிருது.

கதை நல்ல கதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அது துன்பியல் என்ற தெருவை விட்டுத் திரும்பி வெற்றிக் கதை என்ற தெருவுக்குப் போய்விடுகிறது. பூட்டுக்குச் சாவி கிடைச்சிடுச்சு.

*

இப்போ படிச்சவங்க மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வருவோம். சம்பந்தம் முகம் சுளித்த அதே தெருவுக்கு.

திருத்தணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலை, 365 படி, ஆடிக் கிருத்திகைக் காவடி. மலைக்குக் கீழே இன்னொரு திருத்தணி இருக்கிறது. காந்தி நகர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி ஊரே கூடுகிற திருவிழா. செஞ்சியை மையமாகக் கொண்டு வட தமிழ்நாடு முழுக்கப் பரவி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் வட்டாரம் வரை போன வழிபாடு இது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். கடைசி நாள் காலை படுகளம். களத்து மண்ணில் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுத்த வாக்கில் செய்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். கூத்துக் கலைஞர்கள் பீமனாகவும் துரியோதனனாகவும் அந்த மண் உடம்பின் மேலும் சுற்றியும் ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும். சிவப்பு வழியும். அதை எடுத்துத் திரௌபதி கூந்தலை முடிவாள். காந்தாரி ஒப்பாரி வைப்பாள். சாயந்திரம் தீமிதி.

கவனிச்சீங்களா? மேடையில் சாவைக் காட்டக் கூடாது என்ற விதி புத்தகத்தில் இருந்தது. நம்ம ஊர் வயக்காட்டுல துரியோதனன் பட்டப்பகல்ல, ஊர் பாக்க, தொடை உடைஞ்சு கிடந்தான். துன்பியலைத் தமிழனுக்கு யாரும் லண்டனில் இருந்து கொண்டு வந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது தெருவில்தான் இருந்தது. ஹாலுக்குள்தான் இல்லை.

பூட்டு விஷயத்தில் கூத்துக்காரர்கள் கில்லாடிகள். அபிமன்யுவின் பூட்டு கண்ணுக்குத் தெரியும் பூட்டு. சக்கர வியூகத்துக்குள் போகும் வழி தெரியும், வெளியே வரும் வழி தெரியாது. பின்னால் வரவேண்டியவர்களை ஜயத்ரதன் மறித்துவிட்டான். முடிந்தது.

கர்ணனின் பூட்டு இன்னும் கொடுமை, ஏன்னா அதை அவனே ஒவ்வொண்ணா செஞ்சு மாட்டிக்கிறான். இந்திரன் கேட்கிறான், கவச குண்டலத்தைக் கொடுத்துவிடுகிறான். குந்தி கேட்கிறாள், நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விட மாட்டேன், அர்ஜுனனைத் தவிர மற்றவர்களைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பாண்டவர் பக்கம் வந்துவிடு என்ற அழைப்பு வருகிறது, துரியோதனன் போட்ட சோற்றுக்காக மறுக்கிறான். கடைசியில் கிருஷ்ணன் அந்தணன் வேஷத்தில் வந்து நிற்கிறான், செய்த தர்மத்தின் பலனையும் தாரை வார்க்கிறான். வரிசையாகப் பார்த்தால் அவன் தப்பிக்க வழி இருந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வழியையும் அவனுடைய நல்ல குணமே அடைக்கிறது. கர்ண மோட்சத்தில் அவன் போருக்குக் கிளம்பும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடை பெறும் கட்டத்தில் கூட்டம் உறைந்து போய் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். முடிவு எல்லாருக்கும் தெரியும். முந்தின வருஷமும் அவன் செத்தான். ஆனாலும் ஒரு வழி திறந்திருக்கிற மாதிரியே இருக்கும்.

கூத்தில் இன்னொரு ஆளை மறந்துவிடக் கூடாது. கட்டியங்காரன். ராஜா யார் என்று அறிவிப்பவன், ராஜாவையே கிண்டல் செய்பவன், நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பவன். எந்த ராஜா செத்தாலும் கட்டியங்காரன் சாவதில்லை. அடுத்த கூத்துக்கும் அவன்தான் வந்து நிற்கிறான். ஹாம்லெட்டின் கடைசியில் மேடை முழுக்கப் பிணமாகக் கிடக்கும்போது ஹொரேஷியோ மட்டும் மிஞ்சுகிறான் அல்லவா, நடந்ததை உலகத்துக்குச் சொல்வதற்காக? அதே வேலை.

ஆக எனக்குத் தெரிகிற கணக்கு இது. துன்பியலை வேறு காலத்துக்குக் கொண்டு போகிறவர்கள் அரண்மனை, கிரீடம், பாட்டு, செய்யுள் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம். இரண்டை மட்டும் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒன்று, அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற ஒரு பூட்டு. இரண்டு, பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்து பார்த்து, வெளியே வந்து சொல்ல ஒரு சாட்சி.

*

இந்தக் கணக்கை இப்போ அறிபுனைக்குப் போட்டுப் பாக்கலாம்.

அறிபுனையின் முதல் நாவல் என்று பலரும் சொல்வது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1818. அதன் துணைத் தலைப்பு 'நவீன பிரொமீதியஸ்'. ஈஸ்கிலஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நாடகத்தில், மனிதனுக்காக நெருப்பைத் திருடிய பிரொமீதியஸைப் பாறையில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். அதாவது அறிபுனை பிறக்கும்போதே ஒரு மேடைத் துன்பியலின் நிழலில்தான் பிறந்தது. மேரி ஷெல்லி செய்த பூட்டு என்ன? ஒரு கண்டுபிடிப்பு. அதைச் செய்யாதது ஆக்க முடியாது. விக்டர் கடைசியில் வடதுருவப் பனியில் சிக்கிய ஒரு கப்பலில் வந்து சேர்ந்து, அங்கேயே சாகிறான். சாட்சி, அந்தக் கப்பலின் கேப்டன் வால்டன். நாவல் மொத்தமும் அவன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்கள். பூட்டும் இருக்கு, கட்டியங்காரனும் இருக்கான்.

1921-ல் பிராகில் மேடையேறிய காரல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம்தான் ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது. அதில் மனிதர்கள் எல்லாரும் அழிகிறார்கள். அல்குவிஸ்ட் என்ற ஒரு ஆள் மட்டும் மிஞ்சுகிறான். கையால் வேலை செய்கிறவன் என்பதற்காக ரோபோக்கள் அவனை விட்டுவைக்கின்றன. இங்கேயும் சாட்சி.

1932-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்து, யாருக்கும் அம்மா அப்பா இல்லாத, யாரும் எதற்கும் ஏங்காத ஒரு உலகத்தில் ஒதெல்லோ மாதிரி ஒரு நாடகம் எழுத முடியுமா? முடியாது என்று அந்த உலகத்தின் அதிகாரி முஸ்தஃபா மாண்ட் வாதாடுவார். கலங்காத சமூகத்தில் துன்பியலுக்குக் கச்சாப் பொருள் கிடையாது என்பது அவர் கட்சி. ஷேக்ஸ்பியரை மனப்பாடமாக வைத்திருக்கும் ஜான் என்ற வெளியாள்தான் அங்கே துன்பியலைத் தன் உடம்பிலேயே சுமந்து வருகிறான். எதையும் மாத்திரை போட்டுத் தீர்க்கும் ஊரில் தன் துக்கத்தைத் தீர்த்துக்கொள்ள மறுப்பது அவனுடைய பூட்டு.

அப்புறம் எமிலி செயின்ட் ஜான் மாண்டெலின் 'ஸ்டேஷன் லெவன்', 2014. டொரண்டோவில் லியர் அரசன் நாடகம் நடக்கும்போதே லியராக நடிப்பவர் மேடையில் விழுந்து சாகிறார். அதே ராத்திரி ஒரு கொள்ளைநோய் உலகத்தைக் காலி செய்ய ஆரம்பிக்கிறது. இருபது வருஷம் கழித்து, மிச்சமிருக்கும் ஊர்களுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் ஷேக்ஸ்பியர் போடும் ஒரு குழு. படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது நம்ம கூத்து ஜமாக்கள்தான். பெட்டி, ஒப்பனை, கட்டை, மிருதங்கம், ஒரு வேன். கரண்ட் போனாலும் ஆடக்கூடிய ஆட்கள்.

இந்த வரிசையில் வந்து நிற்கிறது லியூவின் லேப். பூட்டு இங்கே உருவகம்கூட இல்லை, நிஜப் பூட்டு. கட்டடம் லாக்டவுனில் இருக்கிறது. 2020-ஐத் தாண்டி வந்த நமக்கு அந்த வார்த்தையை விளக்கத் தேவையில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் கொலைக்குச் சாட்சி இல்லை, பேய் வந்து சொன்னால்தான் உண்டு. இந்த நாவலில் கேமரா லாக் அழிந்திருக்கிறது. மென்பொருள் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த இடம் சுருக்குன்னு தைக்கும். ப்ரொடக்ஷன்ல ஒண்ணு வெடிச்சு, போய்ப் பாத்தா லாக் காலியா இருந்தா வயித்துல ஒரு உருண்டை உருளும் பாருங்க, அந்த உணர்வுதான் ஹாம்லெட்டுக்கு முதல் காட்சியில் இருந்தே.

சாட்சி? ஹொரேஷியோதான். ஆனால் இந்த ஹொரேஷியோ லேபை இயக்கும் செயற்கை நுண்ணறிவு. கதவு, விளக்கு, கேமரா எல்லாம் அதன் கையில். எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய ஒன்றுக்கு அந்த நேரம் மட்டும் நினைவில் இல்லை. கதை முழுவதும் பின்னாளில் ஒருவர் ஆவணங்களைத் தொகுத்துச் சொல்கிற மாதிரி அமைந்திருக்கிறது. ஓஃபீலியாவின் இடத்தில் இருக்கும் ஃபெலிசியா இங்கே பைத்தியமாகித் தண்ணீரில் மிதப்பவள் அல்ல. தன் பக்கத்தைத் தானே பேசுகிறவள். 400 வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கும் வாய் திறந்தது. மறுபடி சொல்வதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஒரு இடத்தைத்தான்.

*

சரி, நம்ம பக்கம் என்ன நடக்குது?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டிலும் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை யாராலும் மறக்க முடியாது. எஜமானியோடு கூடவே இருந்து, எல்லாம் தெரிந்துகொண்டு, நக்கல் அடித்து, நமக்கும் கதைக்கும் நடுவில் நிற்கும் ஜீனோ ஒரு அசல் கட்டியங்காரன். லியூவின் ஹொரேஷியோவுக்குப் பல வருஷம் முன்னாடியே தமிழில் அந்த இடத்தில் ஒரு இயந்திரத்தை உட்கார வைத்தாயிற்று.

அவருடைய 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தையும் யோசித்துப் பாருங்கள். பூர்ணம் விஸ்வநாதன் நடித்து ஓஹோவென்று ஓடியது. ஓய்வு பெற்ற ஒரு மனிதருக்கு எதிர்காலத்தில் இருந்து ஒரு விருந்தாளி வருகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் எல்லாரும் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஹாம்லெட்டில் அம்மாவின் அறைக்காட்சி அச்சு அசலாக இதுதான். பேய் மகன் கண்ணுக்குத் தெரிகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை, பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறாள். ஒரே நிலைமை, அங்கே ரத்தத்தில் முடிகிறது, இங்கே சிரிப்பில். சுஜாதா கதவைத் திறந்து வைத்துவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் 'கல்கி 2898 ஏடி'. 2024 ஜூன் 27-ல் வந்த தெலுங்குப் படம், நாக் அஸ்வின் இயக்கம். குருக்ஷேத்திரத்தில் ஆரம்பித்து 29-ஆம் நூற்றாண்டுக் காசிக்குப் போகிறது. கிருஷ்ணனின் சாபத்தால் சாக முடியாத அசுவத்தாமனாக அமிதாப் பச்சன். பிரபாஸ் நடித்த பைரவாதான் கர்ணன் என்று கடைசியில் தெரியும் (படம் பாக்காதவங்க மன்னிக்கணும்). அந்தக் கட்டத்தில் தியேட்டர் எழுந்து நின்று விசில் அடித்தது. கர்ணனுக்கு இன்னொரு பிறவி கிடைத்ததில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

ஆனால் கூத்து பார்த்து வளர்ந்த மனசு ஒரு ஓரத்தில் முணுமுணுக்கும். கர்ணனின் பலத்தைக் கொண்டு போயிட்டாங்க. அவன் கையாலேயே அடைச்ச வழிகளைக் கொண்டு போகலை. அந்தப் படத்தில் எனக்கு நிஜமான துன்பியல் தெரிந்தது அசுவத்தாமனிடம். ஆறாயிரம் வருஷம் சாகாமல் இருப்பவனுக்குச் சாவு இல்லாததே பூட்டு. அவனே சாட்சியும்கூட. முழு நீளக் கதையாக அவனை மட்டும் வைத்து யாராவது எழுதினால் லியூவின் லேப் கதைக்கு நேர் எதிர்ப் பக்கம் அது. அங்கே சாவை ஜெயிக்க ஒரு சூத்திரம் தேடுகிறார்கள், இங்கே ஒருவன் சாவைத் தேடுகிறான்.

கர்ணனையும் எழுதலாம். கவச குண்டலம் என்றால் ஏதோ ஒளிவட்டம், லேசர் என்று போகாமல், அவனுடைய வாக்குகளை எடுத்துக்கொண்டு எழுதலாம். இன்றைக்குக் கொடுத்த வார்த்தையை மீற முடியாதபடி எழுதப்பட்ட ஒரு நிரல். தன்னைத் தூக்கிவிட்ட ஒரு கெட்ட மனுஷனிடம் ஒருவனுக்கு இருக்கும் நன்றிக்கடன். பெத்தவ யார்னு கடைசியில்தான் சொல்லும் ஒரு மரபணு ஆவணம். இதெல்லாம் இன்றைய சாமான்கள்தான். பூட்டு செய்ய இரும்பு நிறைய இருக்கு.

பழசை மாற்றிச் சொன்னால் பழசு கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுவதைப் பார்க்கிறேன். படுகளத்து மண் துரியோதனனை ஒவ்வொரு வருஷமும் புது மண்ணில்தான் செய்கிறார்கள். போன வருஷ மண் மழையில் கரைந்து வயலோடு போய்விட்டது. புது மண், புது வண்ணம். தொடை உடையும் இடத்தை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

நம்மில் அறிபுனை எழுதுகிற ஆட்கள் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். அடுத்த தடவை எந்த ஊரிலாவது கர்ண மோட்சம் போட்டால் ராத்திரி போய்ப் பாய் விரித்து உட்காருங்கள். விடியற்காலை கடைசி பஸ் போயிடும்னு பாதியில எழுந்திருக்காதீங்க. கட்டியங்காரன் என்ன சொல்றான்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டு வந்து, எழுதுங்க. முதல் ஆளா நான் படிக்கிறேன்.